ஜூமைத் திருப்புவதா, காலால் நடப்பதா, சாஃப்ட்வேரில் செய்வதா?

“அண்ணா, நடுவில் ஆள் மட்டும் தெளிவாக நிற்க, சுற்றியிருக்கிற லைட்டெல்லாம் கோடு கோடாகச் சிதறுகிற மாதிரி எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?” என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார். இன்னொருவருக்கு, ஆள் அசையாமல் நிற்கப் பின்னால் இருக்கும் கோபுரம் மட்டும் நெருங்கி வருகிற ரீல் வேண்டும், அதற்கு ஏதாவது ஆப் இருக்கிறதா என்கிறார். கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவருடைய கவலை வேறு: மண்டபத்தில் கிட்டே போய் எடுத்தால் மணப்பெண் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டு விழுகிறது, 85 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

மூன்றிலும் ஜூம் என்ற சொல் வந்துவிடுவதால் மூன்றுக்கும் ஒரே பதில் இருப்பதுபோலத் தெரியும். இல்லை. அதனால்தான் பலர் தேவையில்லாத லென்ஸை வாங்கிவிட்டு நிற்கிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பெர்ஸ்பெக்டிவை, அதாவது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றோடொன்று எந்த அளவில் விழுகின்றன என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம், லென்ஸ் அல்ல. சந்தேகமாக இருந்தால் கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை (கிட் லென்ஸ்; எண் சிறிதானால் காட்சி அகலம், பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) வைத்தே பார்த்துவிடலாம்: ஒரே இடத்தில் நின்று 18-இல் ஒரு படம், 55-இல் ஒரு படம் எடுங்கள், அப்புறம் 18-இல் எடுத்ததின் நடுப்பகுதியை மட்டும் கிராப் செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிக்ஸல் குறைந்திருக்கும், பின்னணி மங்கலில் வித்தியாசம் தெரியும், ஆனால் ஆளுக்கும் அவருக்குப் பின்னால் இருக்கிற தூணுக்கும் உள்ள அளவு விகிதம் கொஞ்சமும் மாறியிருக்காது. நாலடி முன்னே போங்கள், உடனே மாறிவிடும்.

ஆக, நாம் பொதுவாக எஃபெக்ட் என்று சொல்வதில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று, கோடுகள் சிதறுவது. இதற்கு இடம் மாற வேண்டாம். இன்னொன்று, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் தங்களுக்குள் அளவு மாறுவது. இதற்கு யாராவது நடந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

## எதை வைத்து எடைபோடலாம்

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

- பெர்ஸ்பெக்டிவ் நிஜமாகவே மாறுகிறதா, அல்லது மாறியதுபோல ஒரு தோற்றம் மட்டுமா?
- கையில் இருப்பதை வைத்து முடியுமா, புதிதாகச் செலவா?
- ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும் என்றால் கைகொடுக்குமா? தாலி கட்டுவதை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.
- பிறகு மனம் மாறினால் திருப்பிச் சரிசெய்ய வழி உண்டா?
- எவ்வளவு இடம், எத்தனை ஆள் வேண்டும்? இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை, கடைசியில் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

## 1. எக்ஸ்போஷர் நடக்கும்போதே ஜூம் வளையத்தைத் திருப்புவது

ஜூம் பர்ஸ்ட் என்பார்கள். ஷட்டர் அரை நொடியோ ஒரு நொடியோ திறந்திருக்க, அந்த நேரத்துக்குள் வளையத்தைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். கிட் லென்ஸே போதும்.

ஆனால் திருப்புகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே திருப்பிக்கொண்டே போனால் ஆளும் சேர்ந்து இழுபட்டு, எது என்னவென்றே தெரியாது. ஷட்டரை இரண்டு நொடிக்கு வைத்து, முதல் ஒன்றரை நொடி கையை அசைக்காமல் விட்டுவிட்டு மீதி அரை நொடியில் திருப்பினால் நடுவில் ஒரு தெளிவான உருவம் நிற்கும், அதிலிருந்து கோடுகள் கிளம்பும். வைட் முனையில் (18) நிறுத்தி டெலிக்குப் (55) போனால் விளக்குகளின் கோடுகள் வெளிப்பக்கமாக ஓடும். தலைகீழாக, டெலியில் நிறுத்தி வைடுக்கு வந்தால் அதே கோடுகள் நடுவை நோக்கிச் சுருங்கி ஆளின் முகத்தின் மேலேயே விழும். இதனால் மனிதர்களை எடுக்கும்போது 18-இல் தொடங்குவதையே நான் சொல்வேன். ஆள் நகரக்கூடியவர் என்றால் தொடக்கத்தில் ஒரு ஃபிளாஷ் அடித்துவிடுங்கள், அந்த நொடியில் அவர் பதிந்துவிடுவார்.

இன்னொன்று, கோடுகள் சந்திக்கும் புள்ளி எப்போதும் ஃபிரேமின் நடு. ஆளை ஓரத்தில் வைத்துவிட்டு அவரைச் சுற்றிச் சிதறவில்லையே என்று வருத்தப்படக் கூடாது. ஓரத்தில்தான் வேண்டும் என்றால் நடுவில் வைத்து எடுத்து, பிறகு ஒரு பக்கம் கிராப் செய்யுங்கள்.

மறைவான செலவு பகல் வெளிச்சம். நல்ல வெயிலில் சென்சாரின் உணர்திறனை ஐஎஸ்ஓ 100-க்கு இறக்கி, லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப்/16 வைத்தால் ஷட்டர் சுமார் 1/100 நொடி வரும். அரை நொடி வேண்டுமென்றால் வெளிச்சத்தை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும், வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி64 ஃபில்டர் ஒன்று. உங்களிடம் இருக்கும் லென்ஸ்களிலேயே வாய் பெரியது எதுவோ அந்த அளவுக்கு வாங்கி, மற்றவற்றுக்கு அளவைப் பொருத்தும் வளையமான ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்வது மிச்சம். அப்புறம் எஃப்/16-இல் சென்சார் தூசி எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். படம் முழுக்கக் கோடாக ஓட, தூசிப் புள்ளி மட்டும் அசையாமல் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். முந்தின நாளே சென்சாரைச் சுத்தம் செய்துவிடுங்கள். டிரைபாட் கட்டாயம், கையில் பிடித்துத் திருப்பினால் கோடுகள் நெளியும். தஞ்சைப் பெரிய கோயில் போல மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் இருக்கும் இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வாங்க வேண்டும், இதையும் கணக்கில் சேருங்கள்.

ஃபோனில் இது நடக்காது. அங்கே திரும்புகிற வளையம் கிடையாது. வெவ்வேறு லென்ஸுக்குத் தாவுவதும் இடையில் டிஜிட்டலாகப் பெரிதாக்குவதும்தான். ஃபோனை ஸ்லோ ஷட்டரில் போட்டுக் கையோடு முன்னே தள்ளலாம், அதிலும் கோடு வரும், ஆனால் வேறு மாதிரி: கிட்டே இருப்பது நீளமாக இழுபடும், தூரத்தில் இருப்பது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். லென்ஸ் ஜூமில் அந்த வேறுபாடு இருக்காது, கிட்டே இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் எல்லாம் ஒரே விகிதத்தில்தான் விரியும்.

## 2. டாலி ஜூம்

எனக்கு இதில்தான் ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆள் ஃபிரேமில் அதே அளவில் இருக்க, கேமரா பின்னால் போகப் போக ஜூம் உள்ளே போக வேண்டும். இரண்டும் சரியாக ஈடுகட்டினால் ஆள் மாறமாட்டார், பின்னணி மட்டும் பெருகி வரும். திசையை மாற்றினால் பின்னணி விலகி ஓடும். 1958-இல் ஹிட்ச்காக்கின் வெர்டிகோ படத்துக்காக இரண்டாவது யூனிட் ஒளிப்பதிவாளர் இர்மின் ராபர்ட்ஸ் உருவாக்கியது. மாடிப்படிக் கிணற்றில் உண்மையான கேமராவைச் செங்குத்தாக ஏற்றி இறக்குவது பெரிய செலவு என்பதால், படிக்கட்டின் மாடல் ஒன்றைச் செய்து அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து எடுத்தார்கள். அப்படியும் 19,000 டாலர் ஆனதாக ஹிட்ச்காக்கே சொல்லியிருக்கிறார்.

நமக்கு அவ்வளவு ஆகாது. கணக்கு எளிது: தூரமும் ஃபோகல் நீளமும் (லென்ஸில் இருக்கும் அந்த மி.மீ. எண்) ஒரே விகிதத்தில் ஏற வேண்டும். ஃபோகல் நீளம் இரட்டிப்பானால் தூரமும் இரட்டிப்பு.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை வைத்துப் பார்ப்போம். 236 அடி, அதாவது 72 மீட்டர். கோபுரத்துக்கு நேராக ஓடும் தெருவில் 250 மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்துகிறீர்கள். ரீலுக்காகக் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, அவர் தலை முதல் கால் வரை விழும்படி, அதாவது ஃபிரேம் உயரம் அவர் இருக்கும் இடத்தில் 2 மீட்டர் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரும் (18-55 லென்ஸோடு வரும் கேமராக்களில் வழக்கமான அளவு) 18-55 லென்ஸும் என்றால் இப்படி வரும்:

| லென்ஸில் எண் | ஆளிடமிருந்து கேமரா | ஃபிரேம் உயரத்தில் கோபுரம் |
|---|---|---|
| 18 | 1.5 மீட்டர் | 22 சதவீதம் |
| 24 | 2 மீட்டர் | 29 சதவீதம் |
| 35 | 3 மீட்டர் | 42 சதவீதம் |
| 55 | 4.7 மீட்டர் | 66 சதவீதம் |

நீங்கள் பின்னால் நடந்தது மூன்று மீட்டர் சொச்சம்தான், கோபுரம் மூன்று மடங்கு வளர்ந்துவிட்டது. ஆள் அப்படியே இருக்கிறார். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள், இடுப்பு உயரத்தில் பிடித்தால் தொடுவானம் ஃபிரேமின் நடுவில் வந்து, 55-க்குப் போகும்போது கலசம் மேலே வெட்டுப்பட்டுவிடும்.

இந்த நாலு எண்களும் வளையத்திலேயே அச்சடித்திருப்பது நமக்கு வசதி. தரையில் அந்த நாலு தூரத்துக்கும் டேப் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு டேப்பையும் கடக்கும்போது வளையத்தில் அந்தந்த எண் வந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே பழக வேண்டும். திரையில் கிரிட் கோட்டைப் போட்டு ஆளின் கண்ணை ஒரு கோட்டில் வைத்து, கண் அந்தக் கோட்டை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கொஞ்சம் ஆடினால் எடிட்டில் நாலைந்து சதவீதம் பெரிதாக்கியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம், அதற்காக ஓரத்தில் சிறிது இடம் விட்டே எடுங்கள்.

மறைவான செலவுகளை வரிசையாகச் சொல்கிறேன். கிட் லென்ஸில் ஜூம் செய்யும்போது எஃப் எண் 3.5-இலிருந்து 5.6-க்கு நழுவும், அதாவது துவாரம் சிறிதாகும், வீடியோ நடுவில் இருட்டாகும். முதலிலேயே எஃப்/8 வைத்து மேனுவலில் பூட்டுங்கள். புகைப்பட லென்ஸ்களில் பெரும்பாலானவை ஜூம் செய்தால் ஃபோகஸ் விலகிப்போகும் வகை, அதற்கும் எஃப்/8 கொஞ்சம் உதவும், முகத்தைப் பின்தொடரும் ஆட்டோஃபோகஸ் இருந்தால் இன்னும் நல்லது. தெருவில் பின்னோக்கி நடக்க வேண்டியிருப்பதால் தோளைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கட்டாயம், விடிகாலையில் எடுங்கள், போக்குவரத்து இல்லாத நேரம் அதுதான். ஸ்லைடர் (கேமராவை நகர்த்தும் சிறு தண்டவாளம்) வாங்கலாமா என்றால், கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்லைடர்கள் பெரும்பாலும் ஒரு மீட்டர்கூட வராது. அந்த நீளத்தில் இந்தக் கணக்கு செல்லாது. சக்கரம் வைத்த ஏதாவது ஒன்று, கல்யாண மண்டபத்துத் தள்ளுவண்டி இருந்தாலும் சரி, ஸ்லைடரைவிட மேல்.

ஜூம் லென்ஸே இல்லையா? 4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிடுவதாக இருந்தால் 3840 பிக்ஸலில் 1920-ஐ எடுக்கலாம், அதாவது இரண்டு மடங்கு ஜூம் தரம் கெடாமல் எடிட்டில் கிடைக்கும். 1.5 மீட்டரில் தொடங்கி 3 மீட்டர் வரை சீராகப் பின்னால் நடந்துவிட்டு, ஆள் ஒரே அளவில் இருக்கும்படி எடிட்டில் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். கோபுரம் இரட்டிப்பாகும். நடந்தது நிஜம் என்பதால் பெர்ஸ்பெக்டிவும் நிஜம்தான். ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுவே, நடுவில் லென்ஸ் தானாக மாறாதபடி பூட்டும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னணி மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெறும் சுவருக்கு முன்னால் செய்தால் ஒன்றுமே தெரியாது. தூண் வரிசை, மரம் நட்ட சாலை, தண்டவாளம் மாதிரி ஆழம் தெரிகிற இடம் வேண்டும்.

## 3. கிட்டே போய் வைட், தள்ளிப் போய் டெலி

ஒற்றைப் படத்துக்கு இதுதான் அடிப்படை, பணமும் ஆகாது. கல்யாணத் தம்பிக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது.

முகத்தில் மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 10 செ.மீ. இடைவெளி. கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ.யில் இருந்தால் காது 40-இல் இருக்கும். ஆக மூக்கு காதோடு ஒப்பிட இருக்க வேண்டியதைவிட 33 சதவீதம் பெரிதாக விழும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் அது 7 சதவீதத்துக்கு இறங்கிவிடும், யாருக்கும் கண்ணில் படாது. கோணலுக்குக் காரணம் வைட் லென்ஸ் அல்ல, கிட்டே போனதுதான். 85 வாங்கினால் சரியாகிறதே என்றால், 85 உங்களைத் தள்ளி நிற்க வைக்கிறது, அதனால். ஏபிஎஸ்-சி கேமராவில் 18-55-ஐ 55-இல் வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே முகம் ஒழுங்காக விழும். 85-இன் பின்னணி மங்கல் வேண்டுமென்றால் வாங்குங்கள், அது வேறு விஷயம்.

ஆனால் வைடுக்கே உரிய ஒரு நீட்சியும் இருக்கிறது, அது ஓரத்தில் வரும். 18-இல் குரூப் ஃபோட்டோ எடுத்தால் வரிசையின் கடைசியில் நிற்பவரின் தலை ஏறக்குறைய 20 சதவீதம் அகலமாக விழும், எவ்வளவு தள்ளி நின்றாலும். 35-இல் அது 5 சதவீதம். கல்யாண வீட்டில் பெரியம்மாவை ஓரத்தில் நிறுத்தி 18-இல் எடுத்துக் கொடுத்தால் அந்த ஆல்பம் அந்த வீட்டில் திறக்கப்படாது. இடம் இல்லை என்றால் இரண்டு வரிசையாக நிறுத்துங்கள், ஓரத்தைக் காலியாக விட்டு எடுத்து வெட்டிவிடுங்கள்.

வேண்டுமென்றே மிகைப்படுத்தவும் இதையே பயன்படுத்தலாம்: நீட்டிய கை, ஓடி வரும் குழந்தையின் கால், தேர்வடத்தின் முடிச்சு. முன்னால் இருப்பதிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குப் போங்கள், அரைகுறையாகப் போகாதீர்கள்.

டெலி பக்கம் செலவு இடம்தான். முழு உருவத்தை ஃபுல் ஃபிரேம் கேமராவில் (ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய சென்சார்) 200 மி.மீ.யில் எடுக்க 11 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். மண்டபத்தில் அந்த 11 மீட்டருக்குள் பந்திக்குப் போகிற கூட்டம் முழுக்கக் குறுக்கே வரும். திறந்த வெளியில் மத்தியான வெயிலில் தரையின் அனல் படத்தை நடுங்கவைக்கும், லென்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும்.

## 4. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்

கட்டடத்தை நிமிர்ந்து பார்த்து எடுத்தால் மேலே போகப் போக சுவர்கள் சாய்ந்து கூம்பும். கேமராவைச் சாய்ப்பதால் வருவது அது. ஷிஃப்ட் லென்ஸில் கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டே லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம், சுவர்கள் நேராக நிற்கும். 35 மி.மீ. கேமராக்களுக்கு நிக்கான் 1960-களின் தொடக்கத்திலேயே ஷிஃப்ட் லென்ஸ் கொண்டுவந்துவிட்டது. லென்ஸைச் சாய்க்கும் டில்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்த லென்ஸை கேனான் 1973-இல் கொடுத்தது.

விலை பெரும்பாலும் ஒரு லட்சத்தைத் தாண்டும், ஆட்டோஃபோகஸும் பெரும்பாலும் இருக்காது. கட்டடக் கலைஞர்களுக்கு வேலை செய்து சம்பாதிப்பவர் அல்லாமல் வேறு யாரும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு வேலைக்கு வாடகைக்கு எடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், அகலமான லென்ஸைப் போட்டுக் கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்துக் கீழே வரும் வெறும் தரையை வெட்டிவிடுங்கள். ஷிஃப்ட் தருகிற அதே பெர்ஸ்பெக்டிவ், பிக்ஸல் மட்டும் குறையும்.

## 5. எடுத்த பிறகு சாஃப்ட்வேரில்

ஃபோட்டோஷாப்பில் ரேடியல் பிளர் போய் ஜூம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோடுகள் வந்துவிடும். காசில்லாமல் வேண்டுமென்றால் கிம்ப்பில் ஜூம் மோஷன் பிளர் இருக்கிறது. நடுப்புள்ளியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஆளை மாஸ்க் போட்டுக் காப்பாற்றலாம், பிடிக்கவில்லையென்றால் அசல் படம் பத்திரமாக இருக்கும். தாலி கட்டும் நொடிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அங்கே போய் இரண்டு நொடி ஷட்டரை வைக்காதீர்கள்.

குறை விளக்குகளில் தெரியும். நிஜ ஜூமில் ஒரு பல்பு தன் பாதை முழுக்க வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டே போகும், கோடு பளீரென்று இருக்கும். சாஃப்ட்வேருக்குக் கிடைப்பது ஜேபெக்கில் ஏற்கெனவே வெள்ளையாகி வெட்டுப்பட்ட ஒரு புள்ளி. அதை இழுத்தால் சாம்பல் நிறத் தீற்றல்தான் வரும். கேமராவின் மூலத் தரவை அப்படியே வைக்கும் ரா வடிவில் எடுத்து, பிளர் போடும் முன் விளக்குகளை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

சாய்ந்த சுவரை நிமிர்த்துவது லைட்ரூமிலும் கிம்ப்பிலும் நடக்கும். அதிகம் நிமிர்த்தினால் கோபுரத்தின் மேல்பகுதி வீங்கும், இரு ஓரமும் வெட்டுப்படும், அதனால் எடுக்கும்போதே தாராளமாக இடம் விட வேண்டும். ஆனால் எந்த சாஃப்ட்வேரும் தூணுக்குப் பின்னால் மறைந்த முகத்தைக் கொண்டுவராது. ஏஐ கருவிகள் ஏதோ ஒரு முகத்தை ஊகித்து வரையும். அது உங்கள் படம் அல்ல.

## ஒரே பார்வையில்

| வழி | பெர்ஸ்பெக்டிவ் மாறுமா | செலவு | ஒரே வாய்ப்புக்கு ஆகுமா | பிறகு மாற்றலாமா |
|---|---|---|---|---|
| ஜூம் பர்ஸ்ட் | மாறாது | டிரைபாட், பகலுக்கு என்டி | ஆகாது | முடியாது |
| டாலி ஜூம் | மாறும் | ஓர் ஆள், நிறைய பயிற்சி | ஆகாது | கொஞ்சம் |
| 4கே கிராப் டாலி ஜூம் | மாறும் | ஒன்றுமில்லை | சுமார் | ஆமாம் |
| கிட்டே, தள்ளி | மாறும் | இடம் | ஆகும் | முடியாது |
| டில்ட்-ஷிஃப்ட் | மாறாது, கோடுகள் நேராகும் | பெரும்பாலும் லட்சத்துக்கு மேல் | நிதானமான வேலைக்கு மட்டும் | கிராப் மட்டும் |
| சாஃப்ட்வேர் | மாறாது | கிம்ப் இலவசம் | ஆகும் | முழுக்க |

## யார் எதை எடுக்கலாம்

மாணவருக்கு: லென்ஸ் வாங்காதீர்கள். இருக்கிற 18-55, ஆடாத ஒரு டிரைபாட், பொழுது சாய்ந்த பிறகு விளக்கு போட்ட கடைத்தெரு. என்டி ஃபில்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இருட்டில் அது தேவையே இல்லை.

ரீல் கேட்டவருக்கு: முதலில் ஃபோனில் 4கே கிராப் முறை. அது கைவந்த பிறகு கோபுரம் இன்னும் பெரிதாக வேண்டும் என்று தோன்றினால் ஜூம் லென்ஸோடு டேப் ஒட்டி நடங்கள். ஆப்புக்குப் பணம் கட்ட வேண்டாம், நடக்காமல் எடுத்த வீடியோவில் ஆப் செய்வது வெறும் பெரிதாக்கல்தான், ஆளும் சேர்ந்து பெரிதாவார், அல்லது ஆளை வெட்டி ஒட்டியது விளிம்பில் தெரியும்.

கல்யாணத் தம்பிக்கு: சடங்கு நேரத்தில் ஒன்றரை மீட்டருக்குள் போகாதீர்கள், 35-க்கும் 55-க்கும் இடையில் இருங்கள், குரூப்பை 18-இல் எடுக்காதீர்கள். வரவேற்பு மேடையில் சீரியல் லைட் எரியும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் இரண்டு நொடி அசையாமல் நிற்க ஒப்புக்கொண்டால் ஜூம் பர்ஸ்ட்டை அங்கே முயன்று பாருங்கள், தொடக்கத்தில் ஃபிளாஷோடு. சரிவரவில்லை என்றாலும் கவலையில்லை, அதற்கு முன்னால் சாதாரணமாக ஒன்று எடுத்து வைத்திருப்பீர்கள், அதில் சாஃப்ட்வேர் கோடு போட்டுக்கொள்ளலாம்.